பம்புக்கு ஒரு மாலை

காற்றடித்த படகில் ஆணி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. மரப்படகு என்றால் அடியில் ஒரு கட்டையை வைத்து நாலு ஆணி அடித்து, அதன்மேல் பம்பை முறுக்கி விட்டுவிடலாம். மல்பே துறைமுகத்தில் நான் வேலை செய்த மீன்படகுகளில் அப்படித்தான் செய்தோம். இந்தப் படகு அப்படியில்லை. தரையும் தார்ப்பாய் மாதிரி ஒரு துணி, இரண்டு பக்கமும் காற்றுக் குழாய். எங்கே துளை போட்டாலும் அது படகுக்கு எமன்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஒரு ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளும் வேலைக்கு நான் சேர்ந்தபோது அந்தப் படகு ஏற்கெனவே பழசாக இருந்தது. காண்டிராக்டர் எங்கேயோ கைமாறி வாங்கியது. பின்பக்கம் மோட்டார் மாட்ட ஒரு மரப்பலகை உண்டு. மோட்டார் மாட்டினால் செடி சுற்றிக்கொள்ளும் என்பதால் மோட்டார் இல்லை. துடுப்புதான். அந்தப் பலகையும் துணியும் சேரும் இடத்தில் ஒட்டு விட்டுப் போயிருந்தது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் வரும். கொஞ்ச நேரத்தில் கணுக்கால் நனையும்.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ஆம்பூரில் தோல் ஷெட், அப்புறம் லாரி, அப்புறம் மல்பே, அப்புறம் கொச்சியில் ஐஸ் உடைக்கும் இடம். அங்கே மெஷினில் இடது சுண்டுவிரல் நுனி போயிற்று. துடுப்புப் போட அது தேவைப்படவில்லை. ஓர் ஊரில் ரேஷன் கடைக்காரர் என் முகத்தை அடையாளம் கண்டுகொள்ள ஆரம்பித்தால் எனக்குக் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். பெங்களூருக்கும் அப்படித்தான் வந்தேன், மழைக்காலம் முடிகிறவரை இருக்கலாம் என்று.

படகில் என்னோடு ஒரு அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஊர் திருப்பத்தூர் பக்கம், பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். இவர் ஏரிக்கரையை ஒட்டிய தகர ஷெட்டுகளில் ஒன்றில் இருந்தார். அதே வரிசையில் கடைசி ஷெட்டில் நானும் இன்னும் சிலரும். முன்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து அரிவாளால் செடியை அறுப்பதும், நீளக் கழியில் கட்டிய கொக்கியால் இழுப்பதும் அவர் வேலை. துடுப்பு என் வேலை. ஆனால் பாதி நேரம் அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, வாயை அறுத்த பெயின்ட் பக்கெட்டால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருப்பார்.

அவருக்கு நீச்சல் தெரியாது.

ஒரு மத்தியானம் ஏரி நடுவில் இருக்கும்போது மழை பிடித்தது. மேலிருந்தும் தண்ணீர், கீழிருந்தும் தண்ணீர்.

"யோவ், தண்ணி ஏறுது."

"பாத்துட்டேன்க்கா. மொண்டு ஊத்து."

"மொண்டுட்டுத்தான் இருக்கேன். நீ துடுப்பப் போடு. கதைய அப்புறம் பேசு."

கரை சேர்ந்தபோது படகுக்குள் நாங்கள் இடுப்பு நனைய உட்கார்ந்திருந்தோம். காற்றுப் படகு மூழ்காது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நிரம்பின படகு நகராது. துடுப்புப் போட்டால் அரிசி மூட்டையைக் கரண்டியால் தள்ளுகிற மாதிரி இருக்கும். அது எங்கே போக நினைக்கிறதோ அங்கேதான் போகும்.

அக்கா இறங்கி, முந்தானையைப் பிழிந்துவிட்டு, நேராக மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரி பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர். வேலையாட்களிடம் தமிழ், டிராக்டர்காரரிடம் கன்னடம், திட்டும்போது இரண்டும்.

"மேஸ்திரி அண்ணா, நாளைலேந்து நான் ஏற மாட்டேன்."

"ஏன்மா? முழங்கால் தண்ணி. எந்திரிச்சு நின்னாப் போதும்."

"அப்ப நீங்க வந்து நில்லுங்க. நான் கரைலேந்து பாக்கறேன்."

மேஸ்திரி சிரித்தார். ஆனால் அவருக்கும் தெரியும். அந்த ஏரியில் முழங்கால் ஆழமும் உண்டு. யாரோ மண் அள்ளிப்போன குழிகளும் உண்டு. குழிக்கு அடியில் சேறு. நின்றால் உள்ளே போகும், வெளியே வராது. எங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட். அதன் பஞ்சை எலி குடைந்திருந்தது.

"பம்பு வாங்கிக் குடுத்தா ஏறுவியா?"

அக்கா என்னைப் பார்த்தார். மல்பே கதைகளை நான் அவரிடம் அளந்திருந்தேன். "இவன் மாட்டினா ஏறுவேன். நடுவுல நின்னுச்சுன்னா இவனத்தான் கேப்பேன்," என்றார்.

இப்படித்தான் ஒரு ஆளுடைய உயிர் என் கைக்கு வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரிக் கடைகளில் பம்பு தேடினேன். ஒரு கடைக்காரர் ஏர் கூலர் பம்பை எடுத்து வைத்து, "இதே போதும் குரு, தண்ணிதானே?" என்றார். கூலர் பம்புக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும், ஏரியில் பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்த் தேடி, படகுக்கென்றே செய்த பன்னிரண்டு வோல்ட் பம்பு ஒன்றைத் தூசியோடு கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. அடியில் குப்பை போகாமல் இருக்க ஒரு சல்லடைக் கூடை, இரண்டு பக்கமும் அமுக்கினால் கழன்று வரும். கூடவே ஒரு மிதவை சுவிட்ச். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், பம்பு தானே ஓடும். தண்ணீர் இறங்கினால் தானே நிற்கும்.

பம்பை உட்கார வைக்க, காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகை ஒன்று வாங்கினேன். பம்பையும் மிதவையையும் அதில் முறுக்கினேன். பலகையைப் படகில் பிடிக்க வைப்பதுதான் பாடு. டியூப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவிப் பார்த்தேன். மறுநாள் உரித்த வாழைத்தோல் மாதிரி கையோடு வந்துவிட்டது. ரப்பர் படகு என்று எல்லோரும் சொல்கிறோமே தவிர அது ரப்பரே இல்லை, ஃபிளெக்ஸ் பேனர் துணியின் தடித்த அண்ணன். அது புரிந்ததும் படகைக் காற்றிறக்கி, மடித்து, சரக்கு ஆட்டோவில் ஏற்றி ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே பேனர் விளிம்புகளைச் சூடான காற்று ஊதும் துப்பாக்கியால் உருக்கி ஒட்டுவார்கள். அதே மாதிரி படகின் தரையில் நாலு பட்டைகளை ஒட்டித் தரச் சொன்னேன்.

கடைக்காரர் துணியை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். "இது கரைஞ்சு ஓட்டையாச்சுன்னா என்னக் கேக்காதே."

"ஆச்சுன்னா ரெண்டு பேரும் சேந்து ஓடலாம்ணா."

சூடு ஒரு நொடி கூடினால் துணி பொசுங்கும், குறைந்தால் ஒட்டாது. கடைசிப் பட்டை ஒட்டி முடிகிறவரை இருவரும் மூச்சுவிட்டதாக நினைவில்லை. நாலு பட்டையும் பிடித்துக்கொண்டன. பலகையை அவற்றுக்குள் செருகி, பின்பலகைக்கு முன்னால் தண்ணீர் சேரும் பள்ளத்தில் இறுக்கினேன். விட்டுப்போன ஒட்டையும் அவரே சூடு வைத்தார். முழுக்க அடைபடவில்லை, குறைந்தது.

அப்புறம் குழாய். மல்பேயில் நின்ற இடத்திலேயே ஒரு படகு முழுகியதைப் பார்த்திருக்கிறேன். பம்பின் குழாய் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே விட்டிருந்தார்கள். பம்பு நின்றதும் கடல் அதே குழாய் வழியாக உள்ளே வந்துவிட்டது. அதனால் இங்கே குழாயைப் பின்பலகையின் உச்சிவரை ஏற்றி, ஒரு வளைவு கொடுத்து, வாயை உயரத்திலேயே வெளியே விட்டேன். பேட்டரியை மூடி இறுகும் பெரிய அரிசி டப்பாவில் வைத்து, முன்சீட்டின் அடியில் தூக்கிக் கட்டினேன். வயரை முறுக்கி டேப் சுற்றினால் ஈரத்தில் பச்சை பிடித்து அறுந்துபோகும். ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் உறை போட்டு, கிரீஸ் தடவினேன். ஒரு ஃபியூஸ். மிதவை மக்கர் பண்ணினால் கையால் போடவும் அணைக்கவும் ஒரு தனி சுவிட்ச், என் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

சோதனைக்குப் படகைக் கரையோரம் கட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். மிதவை எழும்பியது. பம்பு உறுமியது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் கட்டைவிரல் கனத்துக்கு வெளியே பாய்ந்தது. அக்கா விடவில்லை. இன்னொரு குடம், இன்னொரு குடம். தரை வற்றியதும் பம்பு தானே நின்றது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு அந்தப் பெயின்ட் பக்கெட்டை எடுத்துப் படகின் முன்பக்கம் கயிற்றால் கட்டினார்.

"அது எதுக்குக்கா இனிமே?"

"பம்பு உன்னுது. பக்கெட் என்னுது."

அதன் பிறகு வந்த வாரங்களில் பம்பு ஒரு நாளும் ஏமாற்றவில்லை. துடுப்புப் போடுகிறவன் படகின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பம்பு என் கண்ணெதிரே. அக்கா என் முதுகுக்குப் பின்னால். அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்பார், "ஓடுதா?" நான் "ஓடுது" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். அறுக்கும் வேலையின் தாளமே அதுவாகிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அது வண்டிகளின் திருவிழா. பஸ், ஆட்டோ, கம்பெனி கேப், தண்ணீர் லாரி எல்லாம் வாழைக்கன்றும் சேவந்தி மாலையுமாக நிற்கும். கட்டின மாலையை யாரும் கையால் பிய்ப்பதில்லை. வாடி, காய்ந்து, ஓடுகிற ஓட்டத்தில் தானாக உதிர வேண்டும். வாரம் முழுக்க ரோட்டில் மஞ்சள் இதழ்கள் கிடக்கும்.

எங்கள் படகையும் கழுவி டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அரிவாள்களுக்குக் குங்குமம். டிராக்டர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். படகுக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு வழக்கே நடந்தது.

"சக்கரம் இல்லாத வண்டிக்கு எதுக்குப் பழம்?" என்றார் டிராக்டர்காரர் கன்னடத்தில்.

"அடில வெச்சு எல்லாரும் தள்ளுங்க. நசுங்கினாச் சரி," என்றார் மேஸ்திரி.

தள்ளினோம். பழம் நசுங்கவில்லை, உருண்டு ஏரிக்குள் போனது. எல்லோரும் சிரித்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். படகின் இரண்டு பக்கமும் மாலை கட்டினார்கள். பொரியும் கடலையும் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார்கள். அக்கா தன் காசில் வாங்கின ஒரு மாலையைத் தனியாக எடுத்துவந்து, குனிந்து, பம்பைச் சுற்றிக் கட்டினார். ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். ஒரு கைப்பிடி பொரியை அதன் முன்னால் படைத்தார்.

"எல்லாரும் படகுக்குப் போடறாங்க. காப்பாத்தறது இதானே."

எனக்கு அது பிடித்திருந்தது. நான் மாட்டின எந்தப் பொருளுக்கும் அதுவரை யாரும் மாலை போட்டதில்லை.

அன்று சாயங்காலம் மழை ஆரம்பித்தது. காலையில் எழுந்தபோது ஏரி ஷெட்டுகளின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஏரி நிரம்பியது ஆச்சரியமில்லை. நிரம்பினால் கோடி வழியாகப் போக வேண்டும். கோடி என்பது கரையைத் தாழ்த்திக் கல் பாவி விட்ட இடம். அதைத் தாண்டினால் கல் படிகளில் விழுந்து, கீழே கால்வாயில் போகும். அந்த வாயில்தான், காற்றில் ஒதுங்கின ஆகாயத்தாமரை மொத்தமாகச் சேர்ந்து மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. போக வேண்டிய தண்ணீர் திரும்பி எங்கள் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. ஜேசிபி வருவதாகச் சொன்னார்கள். வழியில் எங்கேயோ ரோடு முழுகி நின்றுவிட்டதாம்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பாத்திரங்களைக் கட்டிலின்மேல் ஏற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நடுவுல ஒரு வாய் தெறந்து விட்டாப் போதும். மிச்சத்த தண்ணியே இழுத்துக்கும்," என்றேன்.

"பம்பு?"

"ஓடும்."

அவர் எலி குடைந்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார்.

படகுக்கும் கரையிலிருந்த ஒரு தைல மரத்துக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தோம். அது பாதித் தூரத்துக்குத்தான் எட்டியது. அவிழ்த்து விட்டுவிட்டு, கரையை ஒட்டியே துடுப்புப் போட்டு, மெத்தையின் மேல்பக்க விளிம்புக்குப் போனோம். அக்கா கொக்கிக் கழியைச் செடியில் குத்தி எங்களை நிறுத்திக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். மழை விடாமல் அடித்தது. மெத்தைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கல்லில் விழும் சத்தம். அடைப்புக்குள் புகுந்து வந்த கொஞ்சத் தண்ணீருக்கே அந்தச் சத்தம்.

"ஓடுதா?"

"ஓடுது."

அறுத்த துண்டுகள் ஒவ்வொன்றாக நழுவிக் கல்லைத் தாண்டிப் போயின. படகு லேசாக இழுபட ஆரம்பித்தது. அதுவரை மரத்துப்போன ஏரி, நகர்ந்தது. நான் துடுப்பை எதிர்ப்பக்கம் போட்டுப் போட்டு நிலைநிறுத்தினேன்.

"ஓடுதா?"

"ஓடுது."

மாலையை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மழையடித்து, சேவந்தி இதழ்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, படகின் தண்ணீரில் மிதந்தன. நேற்றைய பொரியும் மூலையிலிருந்து மிதந்து வந்தது. மஞ்சளும் வெள்ளையுமாகப் பம்பைச் சுற்றி அழகாகச் சுழன்றது. சுழல்கிறது என்றால் பம்பு இழுக்கிறது என்று அர்த்தம். அப்போது எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது.

பிறகு சத்தம் மாறியது. உறுமல் மெலிந்து ஒரு கொசு ரீங்காரமாக ஆயிற்று. குழாய் வாயில் கட்டைவிரல் கனம் சுண்டுவிரல் கனமானது. பிறகு சொட்டியது. கணுக்காலுக்குக் கீழே இருந்த தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது.

"ஓடுதா?"

நான் குனிந்து குழாயைத் தட்டிப் பார்த்தேன். வழக்கமான பதில் வராததும் அவர் அரிவாளை நிறுத்திவிட்டார்.

"யோவ். ஓடுதா?"

"சத்தம் வருது. தண்ணி வரல."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குப் பதில் அரிவாளைச் செடிமேல் எறிந்தார். கொக்கிக் கழியை இரண்டு கையாலும் பிடித்து, வேர்க்கற்றைக்குள் ஆழமாகக் குத்தித் திருகினார்.

"நான் புடிச்சுக்கறேன். நீ பாரு."

துடுப்பை விட்டேன். விட்ட உடனே படகின் பின்பக்கம் கோடியைப் பார்த்துத் திரும்பியது. ஏரியில் அப்போது எங்களைப் பிடித்து வைத்திருந்தது ஒரு கழியும் அந்த அக்காவின் கைகளும்தான். நான் குப்புற விழுந்து, சுவிட்சை அணைத்து, தண்ணீருக்குள் கைவிட்டேன். பம்பைச் சுற்றி மாலையின் நார். அதைப் பிய்த்தேன், அது நனைந்த வாழைநார், பிய்வதாக இல்லை. பல்லால் கடித்தேன். வாய்க்குள் ஏரி. சல்லடையைத் தொட்டால் துளையே தெரியவில்லை. இதழும் ஊறின பொரியும் சேர்ந்து கூழ் மாதிரி அப்பியிருந்தது. இரண்டு பக்கமும் அமுக்கினேன். வழுக்கியது. மறுபடியும் அமுக்கினேன்.

"யோவ்."

"இருக்கா."

"செடி நகருதுய்யா."

காலையிலிருந்து நாங்கள் பட்ட பாடு அப்போதுதான் பலிக்க ஆரம்பித்திருந்தது. பாதி அறுந்த மெத்தை, மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு கோடியைப் பார்த்து மெல்லக் கிளம்பியது. அதில்தான் எங்கள் கொக்கி. விட்டால் தண்ணீர் இழுக்கும். பிடித்திருந்தால் செடி இழுக்கும்.

"விடட்டா?"

"விடாத. இப்ப விட்டா இந்தத் தண்ணியோட என்னால இழுக்க முடியாது."

"அப்ப எப்ப?"

"சொல்றேன்."

சல்லடை கழன்றது. உள்ளே விசிறியிலும் கூழ். விரலால் வழித்தேன். சல்லடையை மறுபடி மாட்ட நேரமில்லை. அதைத் தூக்கி என் மடியில் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன். ஒரு விக்கல். இன்னொரு விக்கல். குழாய் வாயிலிருந்து மஞ்சள் கூழ் ஒரு உருண்டையாகத் தெறித்தது. அதன் பின்னால் தண்ணீர், கட்டைவிரல் கனத்துக்கு.

"ஓடுது! விடு!"

அவர் கழியை உருவப் பார்க்கவில்லை. அப்படியே கைவிட்டார். நான் துடுப்பில் விழுந்தேன். முதல் இழுப்புக்குப் படகு அசையவே இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. என் கண்ணெதிரே கோடியின் கல் விளிம்பும், அதன்மேல் எழும்பிக் கவிழ்ந்து மறையும் செடியும். பின்னால் பக்கெட் சத்தம். மொண்டு ஊற்றுகிறார், மொண்டு ஊற்றுகிறார். பம்பு ஒரு பக்கம், பக்கெட் ஒரு பக்கம். எப்போது என்று சொல்ல முடியவில்லை, ஓர் இழுப்பில் துடுப்பு தண்ணீரைக் கடித்தது. படகு எங்கள் பேச்சைக் கேட்டது. அதே நேரம் மெத்தை முழுவதும் பிய்ந்து, வீட்டுக் கூரை சரிகிற மாதிரி கல்லைத் தாண்டி விழுந்தது. எங்கள் கொக்கிக் கழி அதோடு போனது. இழுப்பு இரண்டு மடங்கானது. ஆனால் நாங்கள் அதற்குள் கரைக் கல்லை ஒட்டியிருந்தோம். மேஸ்திரி மார்பளவு தண்ணீரில் இறங்கி, கயிற்றை வீசி, கன்னடத்திலும் தமிழிலும் எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே இழுத்தார்.

அக்கா கரையில் உட்கார்ந்தார். கை விரல்களை மடக்க முடியவில்லை, கழியைப் பிடித்த நிலையிலேயே விறைத்திருந்தன. நான் ஒவ்வொரு விரலாக நீட்டிவிட்டேன்.

"என்னத்துல நின்னுச்சு?" என்று கேட்டார்.

மடியிலிருந்த சல்லடையைக் காட்டினேன். அவர் அதிலிருந்து ஓர் இதழைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார். ஒரு பொரியை எடுத்துப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, நானும்தானே ரசித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய், படகில் மிச்சமிருந்த மாலைகளை, இரண்டு பக்கமும், ஒன்று விடாமல் பிய்த்து எறிந்தார்.

"ஏய், ஏய், பூஜை மாலைய கைல பிய்க்கற?" என்றார் மேஸ்திரி.

"சாமி கோவிச்சுக்கிட்டா ஷெட்டுக்கு வரச் சொல்லுங்க. நான் பேசிக்கறேன்."

சாயங்காலத்துக்குள் ஷெட் வாசல்களிலிருந்து தண்ணீர் இறங்கிவிட்டது. உள்ளே சேறு, அதை வாரினோம். இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி படகு ஏறினார். யாரும் சொல்லி ஏறவில்லை. ஏறுவதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டார், சல்லடையை எப்படிக் கழற்றுவது என்று. காட்டினேன். வெங்காய மூட்டை வலையை இரண்டு சுற்றாக வெட்டி, சல்லடைக்கு வெளியே விசாலமாக ஒரு பை மாதிரி கட்டிவைத்தேன். இனி இதழ் வந்தாலும் வலையில் பரவி நிற்கும், ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளாது. அவருக்கு அது போதவில்லை. கலங்கல் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு, கைவிட்டு, வலையை இறக்கி, இரண்டு பக்கமும் அமுக்கி, கழற்றி, மாட்டிப் பழகினார். கண்ணைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து.

"நான்தான் பக்கத்துலயே இருக்கேனேக்கா," என்றேன்.

"நீ எங்க இருப்ப, எப்பக் கெளம்புவன்னு உனக்கே தெரியாது."

தெரியாதுதான். மழை ஓய்ந்ததும் கிளம்பினேன். இப்போது கோலாரைத் தாண்டி ஒரு சோலார் பண்ணையில் கம்பி இழுக்கிறேன். போன ஆயுத பூஜைக்கு அக்கா போனில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். படகு புதுசாகக் கழுவி நிற்கிறது. பக்கங்களில் மாலை இல்லை. பம்பின்மேல் ஒரு குங்குமப் பொட்டு மட்டும். கரையில், படகிலிருந்து தள்ளி, ஒரு கல்லின்மேல் அந்தப் பெயின்ட் பக்கெட். அதன் கழுத்தில் கொழுத்த சேவந்தி மாலை. உள்ளே நிறையப் பொரி.